'சார்ஜ்'ன்னு லெட்டர் வந்தா முதல்ல யாரு போட்டதுன்னு பாருங்க

நம்ம ஊர்ல சார்ஜ்ங்கிற வார்த்தைக்கு யாரும் பயந்ததில்ல. போன்ல சார்ஜ் இல்ல, பஸ் சார்ஜ் ஏத்திட்டாங்க, புது கலெக்டர் சார்ஜ் எடுத்துட்டார், அவ்ளோதான். கவர்மென்ட் வேலையில இருந்தவங்க வீட்ல மட்டும் 17பி சார்ஜ் மெமோன்னா கொஞ்சம் வயித்தைக் கலக்கும். இங்கிலாந்துக்கு வந்த முதல் வருஷத்துலயே இதே வார்த்தை ஏழெட்டு வேஷத்துல வீட்டுக்கு வரும், அதுல ரெண்டு மூணு வேஷத்துக்குப் பின்னாடி சட்டம் நிக்கும். எது எதுன்னு தெரியாம சிலர் சும்மா பயப்படுறாங்க, சிலர் பயப்பட வேண்டியதைக் குப்பையில போடுறாங்க.

நான் ரெண்டாவது ரகம். கார் வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகல, ஒரு கடையோட கார் பார்க்ல கொஞ்சம் அதிக நேரம் நின்னுட்டேன், ஒரு வாரம் கழிச்சு கேமரா போட்டோவோட லெட்டர் வந்துச்சு, மேல பெருசா பிசிஎன்னு போட்டிருந்துச்சு. ஆபீஸ்ல ஒருத்தர் "அதெல்லாம் பிரைவேட் கம்பெனி, கண்டுக்காதீங்க"ன்னாரு, நானும் கண்டுக்கல. அந்த அட்வைஸ் எவ்ளோ தப்புன்னு அடுத்தடுத்து சிவப்பு எழுத்துல லெட்டர் வந்தப்பதான் புரிஞ்சுது.

இதுல கூத்து என்னன்னா பிசிஎன்னு ரெண்டு இருக்கு. கவுன்சில் போட்டா அது பெனால்டி சார்ஜ் நோட்டீஸ், பிரைவேட் கம்பெனி போட்டா அது பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ். சுருக்கினா ரெண்டும் ஒன்னுதான், கவரும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கவுன்சில் போடுறது சட்டப்படி போடுற அபராதம், கார் கண்ணாடியில ஒட்டிட்டுப் போனா 14 நாளுக்குள்ள கட்டினா பாதிதான். விட்டுட்டா ஓனருக்கு லெட்டர் வரும், அதையும் விட்டா சார்ஜ் சர்டிஃபிகேட்னு ஒன்னு வந்து தொகை இன்னும் 50 சதவீதம் ஏறும். தப்பா போட்டுட்டாங்கன்னு நினைச்சா கட்டாம முதல்ல எழுதிக் கேளுங்க, கட்டிட்டா விஷயம் முடிஞ்சதா எடுத்துக்குவாங்க. கவுன்சில் ஒத்துக்கலன்னாலும் தனி ட்ரிப்யூனல் இருக்கு, அதுக்குக் காசு கிடையாது.

பிரைவேட் கம்பெனி போடுறது அபராதமே இல்ல. உள்ள நுழையும்போது ஒரு போர்டு இருக்கும்ல, அதைப் பார்த்துட்டு நிறுத்தினா அந்த கண்டிஷனுக்கு நீங்க ஒத்துக்கிட்டதா கணக்கு, அதை மீறினதுக்குக் கேக்குற காசு இது. அப்போ கட்ட வேண்டியதில்லையான்னா, அப்படியில்ல. செம்ஸ்ஃபோர்டுல 2 மணி நேர ஃப்ரீ பார்க்கிங்கைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவா நின்னவருக்கு 85 பவுண்டு போட்டு, அவரு கேஸ் நடத்தி, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2015 நவம்பர்ல கட்டித்தான் ஆகணும்னு தீர்ப்பு வந்துச்சு. அதுக்கப்புறமும் கண்டுக்காதீங்கன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. கம்பெனிக்கு அப்பீல் எழுதுங்க, அவங்க மறுத்தா மேல பாப்லா இல்லன்னா ஐஏஎஸ்னு (நம்ம ஊர் ஐஏஎஸ் ஆபீசர் இல்ல, இன்டிபென்டென்ட் அப்பீல்ஸ் சர்வீஸ்) தனி அப்பீல் இருக்கு, எதுல போகணும்னு அவங்க மறுத்து எழுதுற லெட்டர்லயே இருக்கும்.

இப்போ போலீஸ். இங்க அரெஸ்ட் வேற, சார்ஜ் வேற. சந்தேகத்துல கூட்டிட்டுப் போய் விசாரிக்கிறது அரெஸ்ட். இன்ன சட்டப்படி இன்ன குத்தம்னு முறையா எழுதிக் கொடுத்து கோர்ட்டுக்கு அனுப்புறதுதான் சார்ஜ். சார்ஜ் பண்ணாம சாதாரணமா 24 மணி நேரம்தான் வச்சிருக்க முடியும், பெரிய குத்தம்னாதான் அதுக்கு மேல. ஸ்டேஷன்ல சொலிசிட்டர் ஃப்ரீ, சம்பளம் எவ்ளோன்னு பார்க்க மாட்டாங்க, தமிழ்ல பேச இன்டர்ப்ரெட்டரும் கேக்கலாம். வக்கீல் கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமோன்னு நம்மாளுங்க வாயை மூடிக்கிட்டு உக்காந்திருப்பாங்க, தயவுசெஞ்சு கேளுங்க.

இன்னொன்னு, ஊர்ல மாதிரி கம்ப்ளெயின்ட் கொடுத்தவரே கேஸை வாபஸ் வாங்கிக்கலாம்னு நினைக்காதீங்க. சார்ஜ் பண்றதும் விடுறதும் போலீஸும் அரசு வக்கீல் தரப்பும் எடுக்குற முடிவு. வீட்டுச் சண்டையில கோவத்துல 999-க்கு போன் போட்டுட்டு காலையில சமாதானம் ஆயிட்டோம்னு சொன்னா கேஸ் தானா நின்னுடாது.

ஸ்பீடிங்ல மாட்டி 100 பவுண்டு கட்டினதை இங்கிலீஷ்ல சொல்லும்போது 'போலீஸ் சார்ஜ்டு மீ'ன்னு ஆபீஸ்ல சொல்லிடாதீங்க, கேக்குறவங்க உங்க மேல கிரிமினல் கேஸ் நடக்குதுன்னுதான் எடுத்துக்குவாங்க. ஃபைன் போட்டாங்கன்னு சொன்னா போதும்.

இதே குழப்பம் விசா ஃபார்ம்லயும் வரும். எனக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் எக்ஸ்டென்ஷன் ஃபார்ம் போடும்போது, ஏதாவது குத்தத்துக்கு சார்ஜ் ஆகி விசாரணைக்குக் காத்திருக்கீங்களாங்கிற கட்டத்துல 'ஆமா'ன்னு டிக் பண்ணப் போயிட்டான், அவன் மனசுல இருந்தது கார் பார்க் லெட்டர். நல்லவேளை பக்கத்துல இருந்தேன். ஆனா அதே பக்கத்துல டிரைவிங் தப்புக்கு ஒரு கட்டம், கடன் கட்டாம சிவில் கோர்ட் தீர்ப்பு வந்ததுக்கு ஒரு கட்டம்னு தனித்தனியா இருக்கு. பார்க்கிங் கம்பெனி கோர்ட்டுக்குப் போய், கோர்ட் லெட்டருக்கும் நீங்க பதில் போடலன்னா உங்க பேர்ல சிசிஜே (கடனைக் கட்டணும்னு கவுன்ட்டி கோர்ட் கொடுக்குற தீர்ப்பு) விழும், அப்போ அந்தக் கட்டத்துல 'ஆமா'தான். ஒரு மாசத்துக்குள்ள முழுசா கட்டிட்டா ரெஜிஸ்டர்ல இருந்து எடுத்துடலாம், இல்லன்னா 6 வருஷம் இருக்கும், மார்ட்கேஜ் கேக்குறப்போ முன்னாடி வந்து நிக்கும். வீடு மாறினா கார் லாக்புக்ல, அதாவது வண்டியோட ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர்ல, அட்ரஸ் மாத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறது இதுக்குத்தான், லெட்டரெல்லாம் பழைய வீட்டுக்கே போய்க்கிட்டிருக்கும்.

வீடு வாங்குறப்போ சொலிசிட்டர் 'தேர் இஸ் எ சார்ஜ் ஆன் தி ப்ராப்பர்ட்டி'ன்னு சொன்னா வீட்டு மேல கேஸ் இருக்குன்னு அர்த்தம் இல்ல, அடமானம்னு அர்த்தம். விக்கிறவர் பேங்க் கடன் இருக்கும், விக்கிற காசுல அதை அடைச்சு எடுத்துக் கொடுப்பாங்க. ஃப்ளாட்னா கட்டடப் பராமரிப்புக்குக் கட்டுற சர்வீஸ் சார்ஜ் எவ்ளோ, கடந்த மூணு வருஷத்துல எவ்ளோ ஏறியிருக்குன்னு கேட்டு வாங்கிப் பாருங்க.

மருந்துக் கடையில பிரிஸ்கிரிப்ஷன் சார்ஜ்னு கேப்பாங்க, இங்கிலாந்துல ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு, வேல்ஸ், ஸ்காட்லாந்து பக்கம் அது கிடையாது. பிரஷர் மாதிரி விஷயத்துக்கு மாசா மாசம் ரெண்டு மூணு மருந்து வாங்குறவங்க ஒவ்வொன்னுக்கும் கட்டாம, மொத்தமா முன்கூட்டியே கட்டுற ப்ரீபேமெண்ட் சர்டிஃபிகேட் எடுத்துடுங்க, ஆன்லைன்லயே கிடைக்கும்.