கையுறையைக் கழற்றுவது எப்படி: மருத்துவமனையில் துணைக்கு இருப்பவர்களுக்கு

ஆன்டிபயாடிக் கொடுத்த சில நாட்களில் அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. பரிசோதனையில் 'சி. டிஃப்' என்ற, குடலைத் தாக்கும் கிருமி என்று வந்தது. தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே வருபவர்கள் கவுனும் கையுறையும் அணிய வேண்டும் என்று கதவில் அட்டை தொங்கியது. முதல் நாள் இரண்டையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் போனேன். அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்தேன். விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். போன் அடித்தது, எடுத்துக் காதில் வைத்தேன்.

வாசலில் நின்ற சிஸ்டர் கேட்டார்: "சார், அந்த கிளவுஸ் யாருக்காகப் போட்டிருக்கீங்க?"

பதில் தெரியவில்லை. அதற்கப்புறம் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிவு. கைகழுவும் முறையைப் படம் போட்டு விளக்கப்போவதில்லை; அது எல்லா வாஷ்பேசினுக்கு மேலேயும் ஒட்டியிருக்கும்.

படி 1: உள்ளே போகுமுன்

மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். போன் வெளியிலேயே இருக்கட்டும். முடியாது என்றால் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போடுங்கள். பையோடு சேர்த்தே திரையைத் தொட்டுப் பேசலாம், வெளியே வரும்போது பையை எறிந்துவிடலாம். கையைச் சுத்தம் செய்துவிட்டு முதலில் கவுன், பிறகு கையுறை. கையுறையின் விளிம்பு கவுனின் கைப்பகுதிக்கு மேலே ஏறி நிற்க வேண்டும்.

என் ஓட்டு நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறைக்கு. லேட்டக்ஸ் (இயற்கை ரப்பர்) சிலருக்கு ஒவ்வாது. எது கிடைத்தாலும் அளவில் விட்டுக்கொடுக்காதீர்கள். தொளதொளவென்று இருந்தால் எதையும் பிடிக்க முடியாது, இறுக்கமாக இருந்தால் கழற்றும்போது 'பட்'டென்று தெறிக்கும்.

படி 2: உள்ளே இருக்கும்போது

மலம் துடைத்த கையுறையோடு தண்ணீர் டம்ளரையோ டிரிப்ஸ் குழாயையோ தொடாதீர்கள். கழற்றி, கையைச் சுத்தம் செய்து, புதியது போடுங்கள். கட்டில் கம்பி, அழைப்பு மணி, ரிமோட் எல்லாவற்றிலும் கிருமி இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியைத் தொடாமல் மேசையை மட்டும் தொட்டிருந்தாலும் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும்.

படி 3: கழற்றுவது

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

வலது கையால் இடது கையுறையை, மணிக்கட்டுக்குப் பக்கத்தில், வெளிப்புறமாகக் கிள்ளிப் பிடியுங்கள். தோலைத் தொடக் கூடாது. உள்பக்கம் வெளியே வரும்படி மெதுவாக உரித்து, வலது உள்ளங்கையில் உருண்டையாக வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை எல்லோருக்கும் சரியாக வரும்.

இப்போது இடது கை வெறுங்கை. அதன் இரண்டு விரல்களை வலது கையுறையின் விளிம்புக்கு உள்ளே, தோலை ஒட்டி நுழைத்து, கீழ்நோக்கி உரிக்க வேண்டும். முதல் உருண்டை இதற்குள்ளேயே அடங்கிவிடும். சிக்கல் கட்டைவிரலில்தான். முதல் கையுறையைக் கிள்ளிய அதே பழக்கத்தில், அது வெளிப்பக்கத்தைப் பிடிக்கப் போகும்.

வீட்டில் கையுறை மேல் ஷேவிங் கிரீம் தடவிக் கழற்றிப் பார்த்தேன். இடது கட்டைவிரல் நுனியில் வெள்ளையாக ஒரு பிறை. அடுத்த தடவையும் அதே இடம். 'லிஃப்ட்' கேட்பவர் மாதிரி கட்டைவிரலை விறைப்பாக விலக்கி வைத்த பிறகுதான் விரல் சுத்தமாக வந்தது. நீங்களும் இப்படிப் பழகிவிட்டுப் போங்கள்.

கையுறைக்கு அப்புறம் கவுன். முடிச்சை அவிழ்த்து, தோள்பக்கம் உள்புறமாகப் பிடித்து இழுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, அறைக்குள் இருக்கும் தொட்டியிலேயே போடுங்கள். மாஸ்க்கும் இருந்தால் அது கடைசியில், வார்களை மட்டும் பிடித்து. இந்த வரிசை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். உங்கள் வார்டில் ஒட்டியிருப்பதைப் பின்பற்றுங்கள்.

படி 4: கை கழுவுவது

பெரும்பாலான கிருமிகளுக்கு, குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் உள்ள சானிடைசரை 20 முதல் 30 விநாடி தேய்த்தால் போதும். ஆனால் சி. டிஃப் கிருமியின் வித்துகளை (கெட்டியான உறைக்குள் உறங்கும் அதன் வடிவம்) ஆல்கஹால் கொல்லாது. சோப்பும் கொல்லாதுதான், ஆனால் தேய்த்துக் கழுவும்போது தண்ணீரோடு அவை போய்விடும். அதனால் இந்த அறையிலிருந்து வந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். மொத்தம் 40 முதல் 60 விநாடி. விரல் நுனியையும் கட்டைவிரலையும் பெரும்பாலும் விட்டுவிடுவோம். துடைத்த காகிதத்தாலேயே குழாயை மூடுங்கள், இல்லாவிட்டால் கழுவியது வீண்.

பின்சேர்க்கை: "கையுறைதான் போட்டிருந்தோமே, ஏன் கழுவ வேண்டும்?" என்று இரண்டு பேர் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கலாம். அதைவிட, கட்டைவிரல் கதையை மறுபடி படியுங்கள். கையுறை மேலேயே சானிடைசர் தடவி அடுத்த வேலைக்குப் போகலாமா என்றால், வேண்டாம். மாற்றிவிடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: குழாய் வழியாகச் சிறுநீரைச் சேகரிக்கும் பிளாஸ்டிக் பை பற்றி ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பை எப்போதும் நோயாளியின் வயிற்றுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. காலி செய்யும்போது அதன் வாய் குவளையில் இடிக்கக் கூடாது. அவருடைய சிக்கல், பையைக் கட்டிலின் பக்கக் கம்பியில் மாட்டியது. கம்பியை ஏற்றும்போதெல்லாம் பையும் கூடவே ஏறி, சிறுநீர் குழாயில் பின்னோக்கி ஓடியிருக்கிறது. கட்டிலின் அசையாத சட்டத்தில் மாட்டுங்கள்.