மொட்டைமாடியில் சிறு காற்றாலை: வாங்கும் முன் அளந்து பார்ப்பது எப்படி?

உடுமலைப்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கும். அதை நம்பி, 2 மீட்டர் விட்டமுள்ள காற்றாலைக்கு முன்பணம் கொடுக்கவிருந்த நான், அளந்து பார்த்தபின் கையைச் சுருக்கிக்கொண்டேன். அளந்த முறை இதுதான்.

படி 1: காற்றின் வேகத்தை வரைபடத்தில் காட்டும் ‘குளோபல் விண்ட் அட்லஸ்’ இணையதளத்தில் உங்கள் ஊரைத் தேடி, 10 மீட்டர் உயரத்துக்கான வேகத்தைப் பாருங்கள். 100 மீட்டர் உயரத்து வேகத்தை என் மாடிக் காற்றாக எண்ணியதுதான் என் முதல் பிழை.

படி 2: மாடியில் நீளமான ஜி.ஐ. குழாயை நிறுத்தி, அரை மீட்டருக்கு ஒன்றாக ரிப்பன்களைக் கட்டுங்கள். எங்கள் வீட்டில் மேல் ரிப்பன்கள் கிழக்கே நேராகப் பறந்தபோது, கைப்பிடிச் சுவரை ஒட்டியவை சுழன்று, சில வேளை காற்று வந்த திசைக்கே திரும்பின. அந்தச் சுழற்சிக்குள் காற்றாலையை வைத்தால் மின்சாரம் குறையும், இறக்கைகளும் தேயும். சுற்றிலும் 150 மீட்டருக்குள் உள்ள எந்தத் தடையையும்விட 9 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. தண்ணீர்த் தொட்டியும் பக்கத்துத் தென்னையும் தடைகளே.

படி 3: கையில் பிடிக்கும் விசிறி மானியை நான் பரிந்துரைப்பதில்லை. 10 நிமிடச் சராசரியைத் தானே பதியும் மூன்று கிண்ண அனிமோமீட்டரை (காற்று வேகமானியை) வாங்குங்கள். அம்மி பறக்கும் ஆடியை மட்டும் அளந்தால் ஐப்பசி ஏமாற்றிவிடும் என்பதால், ஓராண்டு அளப்பதே நல்லது.

படி 4: நான் தடுக்கி விழுந்த இடம் இது. ஆற்றல் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. அரை நாள் வினாடிக்கு 2 மீட்டர், அரை நாள் வினாடிக்கு 6 மீட்டர் வேகமென்றால் சராசரி 4, அதன் மும்மடி 64. ஆனால் ஒவ்வொன்றையும் மும்மடியாக்கிச் சராசரி எடுத்தால் 112 வரும். பின்னதே சரி. அதைக் காற்றின் அடர்த்தியில் பாதியான 0.6 ஆலும், இறக்கைகள் சுழலும் பரப்பான 3.14 சதுர மீட்டராலும் பெருக்கினால் ஏறத்தாழ 211 வாட். அதில் கால்பங்கு கையில் கிடைத்தால் நாளுக்கு 1.3 யூனிட். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நம் ஊரில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தருகிறது.

பிற்சேர்க்கை: நிமிர்ந்த தண்டைச் சுற்றி இறக்கைகள் சுழலும் செங்குத்து அச்சு வகை உதவாதா என்று வாசகர் சிலர் கேட்டிருந்தனர். அது எத்திசைக் காற்றுக்கும் சுழலுமே தவிர, சுவரில் மோதி இழந்த வேகத்தை மீட்டுத் தராது. அதிர்வைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். தாராபுரத்தில் நண்பர் வீட்டில் கூரைத்தளத்திலேயே கம்பத்தைப் பதித்ததால், கீழ் அறையில் இரவு முழுதும் மிக்ஸி ஓடுவதுபோல் உறுமியது. அடியில் ரப்பர் திண்டு வைத்தும் அது நின்றபாடில்லை.