குடியின் கட்டு அறுபட: ஜெபிக்கிற குடும்பத்துக்கு

பல வருஷம் தினமும் குடித்தவர் உபவாசக் கூட்டத்தில் கண்ணீரோடு ஒப்புக்கொடுத்து, அன்றே குடியை விடுகிறார். வீடே ஸ்தோத்திரம் சொல்கிறது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், இல்லாத ஆளோடு பேசுகிறார், நடுங்கி வேர்த்துக் கொட்டுகிறது. பிசாசு போக மறுக்கிறது என்று விடிய விடியக் கையை வைத்து ஜெபிப்பார்கள். அது பிசாசு அல்ல. குடிக்குப் பழகிய மூளை, குடி திடீரென நின்றதும் தறிகெட்டுப்போன நிலை. உடனே 108-ஐ அழையுங்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம்.

கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மேலே சொன்ன பிதற்றல் பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரத்தில். அதனால் நிறுத்தும் முன்பே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். காலையில் ஒரு வாய் குடித்தால்தான் கை நிற்கும் என்பவரும், முன்பு வலிப்பு வந்தவரும் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேரவேண்டியவர்கள். குடி உடம்பிலிருந்து வைட்டமின் பி1-ஐ உறிஞ்சிவிடும். அதை ஊசியாகப் போடுவார்கள். அந்த வாரம் அவருக்கு உபவாசம் கூடவே கூடாது. சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான், அதுவும் இரண்டு தரம்.

நடுக்கம் அடங்கியதும் பாவ அறிக்கை. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்கிறது. வாயை அடக்கத் தெரிந்த ஒருவர் போதும்; ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். “ஆண்டவரே, நான் பாவி” என்று மொத்தமாகச் சொல்வதில் கட்டு அவிழாது. பாட்டிலை எங்கே ஒளித்தேன், எந்த நகையை அடகு வைத்தேன், பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்தில் எவ்வளவு எடுத்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லவேண்டும். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய, குடியை விட ஒருவருக்கொருவர் உதவும் குழுவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் ஐந்தாம் படியும் இதுதான். பிறகு கடன்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருவேன் என்றான். நீங்கள் மாதம் ஐந்நூறிலிருந்து தொடங்கினால் போதும்.

அதிகம் பேர் விழுவது இதற்குப் பிறகுதான். பெருக்கி ஜோடித்து வெறுமையாய்க் கிடந்த வீட்டுக்கு ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பியதை மத்தேயு 12-ல் வாசிக்கிறோம். குடித்த நேரம், பொதுவாகச் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது, காலியாகக் கிடக்கக் கூடாது. வேலை முடிந்து கடை இல்லாத தெரு வழியே வீடு, உடனே சாப்பாடு, ஒரு சங்கீதம் சத்தமாக, பிறகு பாவ அறிக்கை கேட்ட அந்த ஒருவருக்கு ஒரு போன். சம்பள நாளில் பணம் மனைவி கையில். மூன்றாம் வாரமே மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள், ஒரு வருஷம் போகட்டும். மேடை ஏறியவர் விழுந்தால் வெட்கத்தில் சபைக்கே வரமாட்டார்.

குடியை நிறுத்தும் மாத்திரையைத் தெரியாமல் குழம்பில் கலப்பது பாசத்தில் செய்யும் பெரிய ஆபத்து. அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே முடியலாம். அவர் அறிய, மருத்துவர் கொடுத்தால் மட்டும். அரிஷ்டங்களிலும் சாராயச் சத்து உண்டு, அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். திருவிருந்தில் திராட்சரசம் புளித்ததா என்று போதகரிடம் முன்பே கேளுங்கள். கத்தோலிக்கர் அப்பம் மட்டும் வாங்கினாலே நற்கருணை முழுமை.

மறுபடி குடித்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். நடு ராத்திரியில் யாரும் கிடைக்காவிட்டால் 14416, அரசின் இலவச மனநல உதவி எண்.