இரு இசைமரபுகளை இணைக்கும் கல்லூரி அகப்பெல்லா குழுவை அமைப்பது எப்படி?

வாத்தியம் எதுவும் இல்லாமல் குரல்களால் மட்டுமே பாடும் அகப்பெல்லா குழுக்கள் அமெரிக்கக் கல்லூரி வாழ்வில் நீண்ட காலமாக வேரூன்றியவை; யேல் பல்கலைக்கழகத்தின் விஃபன்பூஃப்ஸ் குழு 1909-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அந்த மரபுக்குள் தெற்காசியப் பாடல்களைக் கொண்டுவந்த குழுக்களில் முன்னோடி, பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் 1996-இல் தொடங்கிய பென் மசாலா. அக்குழு 2009-இல் வெள்ளை மாளிகையின் தீபாவளி நிகழ்ச்சியில் பாடியது. 2015-இல் வெளிவந்த பிட்ச் பெர்ஃபெக்ட் 2 திரைப்படத்திலும் தோன்றியது. ஸ்டான்ஃபோர்டின் ராகபெல்லா, மிச்சிகனின் மைஸ் மிர்ச்சி என்று இன்று பல பல்கலைக்கழகங்களில் இத்தகைய குழுக்கள் இருக்கின்றன. மேற்படிப்புக்காகச் செல்லும் தமிழ் மாணவர்களும் அங்கேயே பிறந்து வளர்ந்து பாட்டு வகுப்புக்குப் போன தமிழ்ப் பிள்ளைகளும் இவற்றில் சேர்கிறார்கள். அப்படியொரு குழுவில் பாடியும், ஓராண்டு அதன் இசைப் பொறுப்பை ஏற்றும் நான் கற்றுக்கொண்டவற்றை, புதிதாகக் குழு தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

குரல்களைத் தேர்ந்தெடுத்தல்

பன்னிரண்டு முதல் பதினாறு பேர் வரை இருந்தால் போதும். அதற்குக் குறைந்தால் ஒருவருக்குச் சளி பிடித்தாலும் ஒரு குரல் வரிசையே காணாமல் போகும். அதற்கு மிகுந்தால் எல்லோருக்கும் ஒத்துவரும் ஒத்திகை நேரம் கிடைக்காது. தேர்வு இலையுதிர்காலப் பருவத்தின் முதல் இரு வாரங்களிலேயே முடிந்துவிட வேண்டும். வருபவரிடம் அவர் விரும்பும் பாட்டொன்றைக் கேளுங்கள். ஆனால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான்கைந்து சுரங்கள் கொண்ட ஒரு தொடரை ஒருமுறை பாடிக்காட்டித் திரும்பப் பாடச் சொல்லுங்கள். பிறகு நீங்கள் ஸட்ஜத்தை (ச) பிடித்துக்கொண்டு, அவரைப் பஞ்சமத்தில் (ப) அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். பக்கத்தில் வேறொரு சுரம் ஒலிக்கும்போது தன் சுரத்தை விடாமல் நிற்பவரே இந்தக் குழுவுக்கு வேண்டியவர். தனியாக அழகாகப் பாடும் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் நம் பாட்டுப் பயிற்சி முழுவதும் ஒற்றை மெட்டைச் சார்ந்தது.

குரல்களைப் பிரிக்கும்போது, நம் பாடகர்கள் ஆதார சுருதியைச் சொல்லும் கட்டைக் கணக்கை மேற்கத்தியச் சுரப்பெயரோடு பொருத்திப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு கட்டை என்பது சி, இரண்டு கட்டை டி, ஐந்து கட்டை ஜி. ஐந்து கட்டையில் பாடப் பழகிய கர்நாடக இசைப் பாடகியின் மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயிப் பஞ்சமம்), மேற்கத்தியக் கணக்கில் பெண் குரல்களில் தாழ்ந்ததான ஆல்டோ குரலின் வழக்கமான அடி எல்லைக்கும் கீழே இறங்கும். பெண் குரல் என்பதற்காகவே அவரை மிக உயர்ந்த சோப்ரானோ வரிசையில் நிறுத்தினால் இரண்டே மாதத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். அவரை ஆல்டோவில் வைத்து, தனிப்பாடல் பகுதியை அவருடைய சுருதியில் அமைத்துக் கொடுங்கள்.

இரண்டு பாடல்கள் சந்திக்கும் இடம்

இத்தகைய குழுக்களின் முதன்மையான வடிவம், ஓர் இந்தியப் பாடலையும் ஒரு மேற்கத்தியப் பாடலையும் பின்னுவது. புதிய குழுக்கள் இரு பாடல்களிலும் பல்லவி போன்ற பகுதிகளை வெட்டி எடுத்து அடுத்தடுத்து வைத்துவிட்டு, நடுவில் சுருதியை மாற்றிக்கொள்கின்றன. கேட்பவருக்கு அது வானொலி நிலையத்தைத் திருகியது போல இருக்கும். ஒலிக்கும் சுரங்களை மாற்றாமல், எது ஸட்ஜம் என்பதை மட்டும் நகர்த்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழி நம் இசையிலேயே இருக்கிறது, அதுதான் கிரகபேதம்.

சங்கராபரணம் மேற்கத்திய மேஜர் ஸ்கேலுக்கு இணையானது. அதே சுரங்களை வைத்துக்கொண்டு ரிஷபத்தை ஆதாரமாகக் கொண்டால் கரகரப்பிரியா, காந்தாரத்தைக் கொண்டால் தோடி, மத்தியமத்தைக் கொண்டால் கல்யாணி, பஞ்சமத்தைக் கொண்டால் ஹரிகாம்போதி, தைவதத்தைக் கொண்டால் நடபைரவி பிறக்கின்றன. மேற்கத்தியர் மோடு என்று சொல்வதும் இதே கணக்குத்தான். மோகனத்தை வைத்துக்கொண்டால் மத்தியமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி ஆகியவை இதே முறையில் கிடைக்கின்றன. ஆகவே மேற்கத்தியப் பாடல் சி மேஜரில் இருக்கிறது, இந்தியப் பாடல் கல்யாணியில் இருக்கிறது என்றால், கல்யாணியின் ஸட்ஜத்தை எஃப்பில் வையுங்கள். ஒரு சுரம்கூட மாற வேண்டியதில்லை.

மாறும் தருணத்தை அமைக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். சி மேஜரில் அமைந்த மேற்கத்தியப் பாடல்களில் எஃப், ஜி ஆகிய இரு கார்டுகளும் (கார்டு என்பது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு) அடிக்கடி வந்து, கடைசியில் சி-க்குத் திரும்பி ஓயும். நீங்கள் சி-க்குத் திரும்பாமல் எஃப், ஜி, எஃப், ஜி என்று நான்கு முறை ஊசலாடி, மிகத் தாழ்ந்த குரலான பேஸ் குரலை எஃப்பிலேயே நிறுத்திவிடுங்கள். அந்த ஊசலில் ஜி கார்டில் ஒலிக்கும் பி என்ற சுரம்தான் கல்யாணியின் பிரதி மத்தியமம். தனிப்பாடகர் அந்த மத்தியமத்தைத் தொட்டுக்கொண்டே நுழைந்தால், பாட்டு எப்போது கல்யாணியாக மாறியது என்று சபைக்குப் புலப்படாது. மாறிவிட்டது என்று மட்டும் தெரியும். இதை முதன்முறையாக ஒத்திகையில் கேட்டபோது எங்கள் குழுவில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. கல்யாணிப் பகுதிக்குள் நுழைந்த பிறகு எச்சரிக்கை வேண்டும்: மேற்கத்தியப் பழக்கத்தில் கை தானாகப் போகும் நான்காம் படி மேஜர் கார்டுக்குச் சுத்த மத்தியமம் தேவை, அது கல்யாணியில் இல்லை. அதற்குப் பதிலாக ரிஷபத்தின் மேல் அமையும் ரி–ம–த கார்டைப் பயன்படுத்துங்கள்.

கமகமும் கார்டும்

குழுவின் தரத்தைத் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம்தான் என்பது என் உறுதியான எண்ணம். கார்டு என்பது சுரங்கள் அசையாமல் நிற்பதால் உருவாவது; கமகம் என்பது சுரம் அசைவதால் உயிர் பெறுவது. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டிருக்கும்போது, பின்னணியில் நான்கு பேர் அதே காந்தாரத்தை நேராகப் பிடித்தால் ஒவ்வோர் அசைவும் அபசுரமாகக் கேட்கும். தவறு பாடகருடையது என்று நினைத்து அவரை நேராகப் பாடச் சொல்வது பல குழுக்களில் நடக்கிறது. அப்போது மிஞ்சுவது சுரங்களின் பட்டியல், ராகம் இல்லை.

தனிப்பாடகர் எந்தச் சுரத்தை அசைக்கிறாரோ அந்தச் சுரத்தைப் பின்னணியிலிருந்து எடுத்துவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் நின்றால் போதும். நீண்ட ஆலாபனைப் பகுதியில் பின்னணி தம்புராவைப் போல இருக்கட்டும். பாட்டு நேரான சுரங்களுக்கு வரும் இடத்தில் கார்டுகள் முழுமையாகத் திறக்கட்டும். ஒவ்வொரு வரியையும் எடுத்துக்கொண்டு, இங்கே ராகம் ஆள்கிறதா, ஹார்மனி (குரல்களின் கார்டு இணைவு) ஆள்கிறதா என்று முடிவு செய்து, குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஆள முயலும் வரியே குழம்பும் வரி. இந்திய மெட்டுகளைப் பல குரல்களில் பாடும் முயற்சி நமக்குப் புதிதன்று; சென்னையில் எம்.பி. சீனிவாசன் உருவாக்கிய மெட்ராஸ் யூத் கொயர் அந்தப் பணியைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. அக்குழுவின் பதிவுகளைக் கேட்பது மிகுந்த பயன் தரும்.

தாளம்

ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் நான்கு பீட் கொண்ட இரண்டு பாராக (பார் என்பது மேற்கத்திய இசையின் தாள அலகு) எளிதில் உட்காரும்; இந்துஸ்தானியின் ஆறு மாத்திரை தாத்ரா, மூன்று பீட் கொண்ட வால்ட்ஸ் நடையோடு இணங்கும். இரு பாடல்களின் வேகம் நிமிடத்துக்கு 90, 96 பீட் என்றிருந்தால் இரண்டையும் 93-இல் பாடலாம். 70, 140 என்றிருந்தால் ஒன்று மற்றொன்றின் இரட்டைக்காலம் என்பதால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. வேறுபாடு இவற்றில் அடங்காவிட்டால் வேறு பாடலைத் தேடுங்கள்.

வாய்த்தாளம் போடுபவர் பெரும்பாலும் டிரம்ஸ் ஒலிகளில் தேர்ந்தவராக இருப்பார். அவருக்குத் தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலும் கொஞ்சம் கற்றுக்கொடுத்தால் பாடல்களின் நடுவே பாலம் கட்டலாம். நான்கு பீட் கொண்ட ஒரு பாரை ஒவ்வொரு பீட்டுக்கும் நான்கு என்று பதினாறு துடிப்பாகப் பிரியுங்கள். முதல் துடிப்பை மௌனமாக விட்டு, இரண்டாவதிலிருந்து ‘ததிகிணதொம்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லை மூன்று முறை சொன்னால் பதினைந்து துடிப்புகள் நிறைந்து, அடுத்த பாரின் முதல் அடியில் எல்லோரும் ஒன்றாக வந்து விழலாம். மேற்கத்தியப் பாடலின் கோரஸ் அந்த அடியில் தொடங்கட்டும். மொழி தெரியாத அவையும் அங்கே கைதட்டும்.

சுருதி காத்தல்

வாத்தியம் இல்லாமல் பாடும் குழு பாட்டின் போக்கில் மெல்லக் கீழே இறங்குவது இயல்பு. ஒத்திகைகளில் தம்புரா செயலியை ஓடவிட்டுப் பாடுங்கள், பியானோவை மட்டும் நம்பாதீர்கள். தம்புராவின் மந்தர ஸட்ஜத் தந்தியிலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரத்தைவிடப் பியானோவின் காந்தாரம், ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காகப் பிரித்தால், ஏறக்குறைய 14 பங்கு உயரத்தில் இருக்கிறது. மேஜர் கார்டில் காந்தாரம் பாடுபவர் தம்புராவோடு சேர்ந்தால் அந்தக் கார்டு ஒரே குரலாக ஒலிக்கும். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இது சொல்லித்தராமலே வரும். அவர்களைக் காந்தாரம் பாடும் வரிசையில் நிறுத்துங்கள். பாட்டு முடிந்ததும் சுருதி கொடுக்கும் சிறு ஊதுகருவியான பிட்ச் பைப்பை ஊதி, எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

மொழியும் மேடையும்

குழுவில் எல்லோருக்கும் எல்லா மொழியும் தெரியாது. தமிழ்ப் பாடலில் ழகரமும், இந்திப் பாடலில் க, த வரிசைகளின் மூச்சொலி எழுத்துகளும் பிழையாக ஒலித்தால் அவையில் இருக்கும் ஒரு பாட்டிக்காவது மனம் வலிக்கும். மொழி அறிந்த ஒருவர் முதலில் வரிகளின் பொருளைச் சொல்லி, பிறகு மெதுவாகப் பேசிக்காட்டி, அதன் பின்னரே மெட்டோடு பாடிக்காட்ட வேண்டும். மேற்கத்திய இசைக் குறியீடான ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாதவர்கள் எப்போதும் இருப்பார்கள் என்பதால், ஒவ்வொரு குரல் வரிசையையும் தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்து அனுப்புங்கள். எழுதுவதற்கு இலவச மென்பொருளான மியூஸ்கோர் போதும்.

போட்டிக்குப் போவதென்றால் நேர வரம்பை முதலிலேயே பாருங்கள். கல்லூரி அகப்பெல்லாவுக்கான பெரிய போட்டியான ஐசிசிஏ-வில் ஒரு குழுவுக்குக் குறிப்பிட்ட சில நிமிடங்கள்தான். பேஸ் பாடுபவருக்கும் வாய்த்தாளக்காரருக்கும் தனித்தனி மைக் கட்டாயம் வேண்டும். பாடல்களைப் பதிவு செய்து வெளியிடும்போது அமெரிக்கச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமமும் காணொளிக்கு வேறோர் உரிமமும் தேவை. இரு பாடல்களைப் பின்னினால் இரண்டின் உரிமையாளர்களுடைய அனுமதியும் வேண்டும். பதில் வரக் காலம் பிடிக்கும் என்பதால், ஒலிப்பதிவுக் கூடத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்பே கடிதம் எழுதத் தொடங்கிவிடுங்கள்.