ஒப்பனை மாணவருக்கான ஸ்டுடியோ அழகுப்படம்: விளக்கு வைப்பது முதல் திரையில் திருத்துவது வரை

ஒப்பனைப் பயிற்சியில் சேர்ந்த சில மாதங்களிலேயே எனக்கு ஒரு சிக்கல் தலைகாட்டியது. கண்ணாடியில் சீராகத் தெரிந்த ஒப்பனை, படமாக எடுத்தவுடன் வேறொரு முகமாக மாறிவிட்டது. கண்ணுக்குக் கீழே சாம்பல் பூசியதுபோல் வெளிறியிருந்தது. பொறுமையாக இழைத்து இழைத்துக் கலந்த மூன்று ஐஷேடோ நிறங்கள் ஒரே திட்டாக ஒட்டிக்கொண்டன. படத்தைத் திருத்திக் கொடுத்தவரோ சருமத்தை மெழுகாக்கியதோடு என் வேலையையும் சேர்த்தே துடைத்துவிட்டிருந்தார். அதன் பிறகுதான் விளக்கையும் கேமராவையும் திருத்தத்தையும் நானே கற்கத் தொடங்கினேன். நம் கைவேலை லென்ஸுக்கு எப்படித் தெரிகிறது என்பதை அறியவும், திருத்தும்போது அந்த வேலை அழியாமல் காக்கவும் ஒப்பனை மாணவர் ஒவ்வொருவருக்கும் இந்தப் பயிற்சி தேவை என்று உறுதியாக நம்புகிறேன். கேமராவை மேனுவல் முறையில் இயக்கவும், ஃபோட்டோஷாப்பில் லேயர், மாஸ்க் இரண்டையும் கையாளவும் உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு தொடர்கிறேன்.

ஒப்பனை தொடங்கும் முன் ஒரு ஃபிளாஷ் சோதனை

நான் கண்ட வெளிறலுக்குக் காரணம் நிறத்தேர்வு என்று நினைத்து ஃபவுண்டேஷனை மூன்று முறை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. உண்மையான காரணம், கடைசியில் தூவிய வெண்ணிறப் பவுடரில் இருந்த சிலிக்கா. சிலிக்காவும், சன்ஸ்கிரீன்களில் சேர்க்கப்படும் டைட்டானியம் டைஆக்ஸைடு, துத்தநாக ஆக்ஸைடு ஆகியவையும் ஃபிளாஷ் ஒளியைக் கேமராவை நோக்கியே திருப்பி அனுப்பக்கூடியவை. சாதாரண வெளிச்சத்தில் இது கண்ணுக்குப் புலப்படாது. விளக்கு லென்ஸுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு வெளிறல் கூடும். ஆகவே, பயன்படுத்தப்போகும் பிரைமர், ஃபவுண்டேஷன், பவுடர் ஆகியவற்றை அதே அடுக்கு வரிசையில் முன்கையில் பட்டை பட்டையாகப் பூசி, கேமராவின் தலையிலேயே பொருத்திய ஃபிளாஷால் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எந்தப் பட்டை வெளுக்கிறதோ அந்தப் பொருளை அன்றைய பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பவுடர் தவிர்க்க முடியாதது என்றால் நிறமுள்ள பவுடரை மூக்கின் பக்கவாட்டிலும் நெற்றியின் நடுவிலும் மட்டும் அழுத்தி வையுங்கள், கன்னத்தில் வேண்டாம். கன்னத்தின் மென்மயிரில் பவுடர் தங்கிவிட்டால், பெரிதாக்கிய படத்தில் ஒவ்வொரு மயிரும் வெண்துகள் சுமந்து நிற்கும்.

விளக்கு

தொடக்கத்துக்கு ஒரு ஸ்ட்ரோபும் (ஸ்டுடியோ ஃபிளாஷ் விளக்கு) ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு ரிஃப்ளெக்டரும் போதும். விளக்கின் முன் மாட்டும் கிண்ணம் போன்ற பியூட்டி டிஷ் வாங்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். அது பளபளப்பையும் சருமத் துளைகளையும் சற்றுக் கூர்மையாகக் காட்டும். சரும ஆயத்தத்தில் கை தேறும் வரை ஒளியை மென்மையாக்கும் எண்கோணத் துணிக்கூடான ஆக்டாபாக்ஸே, 90 செ.மீ. அளவில், மேல் என்பது என் கருத்து.

கிளாம்ஷெல் எனப்படும் சிப்பி அமைப்பில், விளக்கு முகத்துக்கு நேர் முன்னால், கண்மட்டத்துக்கு மேலே, ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து கீழ்நோக்கிப் பார்க்கும். வெள்ளை ரிஃப்ளெக்டர் மார்புக்கு நேராகப் படுத்திருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் லென்ஸ் நுழையும். உயரம் சரியா என்பதை மூக்கின் கீழே விழும் நிழலே சொல்லிவிடும். வண்ணத்துப்பூச்சி வடிவில் சிறிதாக விழும் அந்த நிழல் மேலுதட்டைத் தொட்டால் விளக்கு மிக உயரத்தில் இருக்கிறது. நிழலே இல்லையென்றால் மிகத் தாழ்ந்துவிட்டது, நீங்கள் செய்த கான்டூரும் தட்டையாகிவிடும். கண்ணின் கருமணியில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு ஒளிப்பொட்டுகள் தெரிய வேண்டும்.

இங்கே ஒப்பனை மாணவர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. ஒளியின் அளவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். நெற்றி விளக்கிலிருந்து 60 செ.மீ. தொலைவிலும் கழுத்து 85 செ.மீ. தொலைவிலும் இருந்தால், கழுத்தில் விழும் ஒளி நெற்றியில் விழுவதில் பாதிதான். படத்தில் கழுத்து கறுத்துத் தெரிவதைக் கண்டு, ஃபவுண்டேஷன் நிறம் பொருந்தவில்லை என்று முகத்தை மறுபடி பூசத் தொடங்கிவிடுவோம். முதலில் ரிஃப்ளெக்டரை உயர்த்துங்கள். அல்லது விளக்கை 20 செ.மீ. பின்னால் நகர்த்துங்கள். அதற்குப் பிறகும் வேறுபாடு இருந்தால் மட்டுமே ஃபவுண்டேஷனைக் குறை சொல்லலாம்.

கேமரா

ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125 விநாடி, அபெர்ச்சர் எஃப்/8 முதல் எஃப்/11 வரை, கோப்பு ரா வடிவில். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 முதல் 105 மி.மீ. வரையிலான லென்ஸ் பொருந்தும். எஃப்/1.8 இல் பின்புலம் குழைந்து அழகாகத் தெரியும் என்று ஆசைப்பட வேண்டாம். ஒரு கண்ணிமை கூர்மையாகவும் உதடு மங்கலாகவும் இருந்தால் உங்கள் ஒப்பனையில் பாதி காணாமல் போய்விடும்.

ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அது முழுக் கருப்பாக வர வேண்டும். அப்படி வரவில்லையென்றால் அறையின் மின்விளக்கோ சன்னல் வெளிச்சமோ உள்ளே கலந்து, முகத்தின் ஒரு பக்கத்தை மஞ்சளாக்கும். அடுத்ததாக, வேறு நிறச்சாயல் எதுவும் இல்லாத சாம்பல் அட்டையை முகத்தருகே பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுங்கள். திருத்தும்போது நிறத்துக்கு நமக்கு இருக்கும் ஒரே நம்பகமான சாட்சி அதுதான். ஃபோகஸைக் கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணின் இமைமயிரில் வையுங்கள்.

முதல் ஐந்தாறு படங்களுக்குப் பிறகு நிறுத்திவிட்டு, கணினித் திரையில் 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் இடக்கண்ணின் உள்மூலையில் தொடங்கி வலஞ்சுழியாக முகத்தைச் சுற்றி வருவேன். கன்னத்தில் உதிர்ந்த ஐஷேடோ துகள், ஒட்டவைத்த செயற்கை இமைமயிரின் பசை காய்ந்து பளபளக்கும் கோடு, தலைமயிர் தொடங்கும் இடத்தில் நின்றுபோன ஃபவுண்டேஷன், மறந்துவிட்ட காது, உதட்டின் மூலையில் கசிந்த லிப்ஸ்டிக், கன்னத்தில் ஒட்டிய ஒற்றைத் தூரிகை மயிர் என எல்லாம் இப்போது தெரியும். பஞ்சுக்குச்சியின் நுனியில் ஒரு துளி ஒப்பனை நீக்கியைத் தொட்டு உதட்டு மூலையைத் துடைக்கப் பத்து விநாடி ஆகும். அதே கசிவைத் திரையில் திருத்த, அடியில் இருந்த சருமத்தை வேறெங்கிருந்தோ கடன் வாங்கி ஒட்ட வேண்டும். அரைமணி நேரம் போனாலும் அது ஒட்டுப்போட்டதாகவே தெரியும். கேமராவும் ஒப்பனைப் பெட்டியும் ஒருவர் கையிலேயே இருப்பதால் நமக்குக் கிடைக்கும் பெரிய வசதி இது, விட்டுவிடாதீர்கள்.

திருத்தம்: தொடக்க வேலை

சாம்பல் அட்டைப் படத்தில் சொடுக்கி ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் நிறச் சமன்) நிர்ணயித்து, அதையே மற்ற எல்லாப் படங்களுக்கும் இடுங்கள். நடுத்தர ஒளிநிழல் வேறுபாட்டை ஆளும் கிளாரிட்டி அமைப்பைக் குறைத்துச் சருமத்தை மென்மையாக்கும் வழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம். 16 பிட் கோப்பாகத் திறந்து, வெறுமையான புதிய லேயரில், ஹீலிங் பிரஷின் சாம்பிள் அமைப்பைக் கரண்ட் அண்ட் பிலோ என்று மாற்றி, பருக்களையும் துகள்களையும் நீக்குங்கள். இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடியதை நீக்கலாம். மச்சம், தழும்பு போன்று அந்த முகத்துக்கே உரியதை, அந்த மனிதர் கேட்டாலொழிய, தொடக்கூடாது என்பது என் நிலைப்பாடு.

சுட்டியை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். அழுத்தத்தை உணரும் சிறிய பேனாப் பலகை ஒன்று வாங்குங்கள்; அடுத்த லென்ஸுக்கு முன்னால் இதற்குப் பணம் ஒதுக்குங்கள்.

ஃபிரீக்வன்ஸி செபரேஷன்: நான் தடுக்கி நின்ற இடம்

சருமத்தின் நுணுக்கத்தை ஒரு லேயரிலும் நிறத்தையும் ஒளிநிழலையும் இன்னொரு லேயரிலும் பிரித்து வைக்கும் முறை இது. இதுவரை செய்ததை ஒரே லேயராக்கி, அதை இரண்டு பிரதி எடுங்கள். கீழ்ப்பிரதிக்கு நிறம் என்றும் மேற்பிரதிக்கு நுணுக்கம் என்றும் பெயரிடுங்கள். நுணுக்கத்தை மறைத்துவிட்டு, நிறம் லேயரில் காஸியன் பிளர் என்ற மங்கலாக்கும் வடிகட்டியை இடுங்கள். துளைகள் மறைந்தும் முகத்தின் வடிவம் மறையாமலும் இருக்கும் அளவே சரியான ஆரம். முகம் நிறைந்த 24 மெகாபிக்சல் படத்தில் எனக்குப் பெரும்பாலும் 6 முதல் 10 பிக்சலுக்குள் அமைகிறது. பிறகு நுணுக்கத்தைக் காட்டி, அதைத் தேர்ந்தெடுத்து, அப்ளை இமேஜ் என்ற பெட்டியைத் திறக்க வேண்டும்.

இந்தப் பெட்டியில்தான் எனக்கு இரண்டு மாலைகள் கழிந்தன. சொன்னபடி எல்லா எண்களையும் இட்டும், கடைசியில் முகம் மங்கலாகவே நின்றது. பெட்டியின் லேயர் என்ற வரியில் மெர்ஜ்டு என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. மெர்ஜ்டு என்றால் அந்த நேரத்தில் திரையில் தெரியும் படம். தெரிந்துகொண்டிருந்ததோ நுணுக்கம் லேயரேதான். அதிலிருந்து அதையே கழித்தால் மிஞ்சுவது வெறும் சாம்பல் நிறம், ஆகவே அடியிலிருந்த மங்கல் மட்டும் தெரிந்தது. அந்த வரியில் நிறம் என்ற லேயரைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, கோப்பு 16 பிட் என்றால் பிளெண்டிங்கில் ஆட், இன்வர்ட் பெட்டியில் குறி, ஸ்கேல் 2, ஆஃப்செட் 0. கோப்பு 8 பிட் என்றால் சப்ட்ராக்ட், குறி வேண்டாம், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காரணம் புரிந்தால் போதும். நுணுக்கம் என்பது மூலப்படத்திலிருந்து மங்கலைக் கழித்த மிச்சம். மிச்சம் கூட்டலாகவும் கழித்தலாகவும் வரும் என்பதால், அதைப் பாதியாகச் சுருக்கி, நடுச்சாம்பலை மையமாக வைத்துச் சேமிக்கிறோம். ஸ்கேல் 2 சுருக்குகிறது, 0 முதல் 255 வரையிலான அளவுகோலில் 128 நடுவில் நிற்கிறது. 16 பிட்டில் மங்கலைத் தலைகீழாக்கிக் கூட்டுவதால் அதே விளைவு தானாகக் கிடைக்கிறது. இறுதியில் நுணுக்கம் லேயரின் பிளெண்ட் முறையை லீனியர் லைட் ஆக்கினால், அது சுருங்கிய மிச்சத்தை இருமடங்காக்கித் திருப்பிச் சேர்க்கும். இப்போது இரண்டு லேயர்களையும் ஒன்றாக அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். படத்தில் எந்த மாற்றமும் தெரியக்கூடாது. தெரிந்தால் மேலே தொடராமல் அப்ளை இமேஜுக்குத் திரும்புங்கள். படம் கரடுமுரடாக, மிகையான கான்ட்ராஸ்டுடன் தெரிந்தால் இன்வர்ட் குறியை மறந்திருக்கிறீர்கள்.

பிரித்த பிறகு, நிறம் லேயரில் லாஸோ என்ற தேர்வுக் கருவியால் சிறு பகுதியை வளைத்து, ஓரத்தை மென்மையாக்கி, லேசாக மங்கலாக்கினால் திட்டுகள் சமன்படும். ஒப்பனைப் படத்துக்கு நான் கட்டாயமாகக் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு: லாஸோ எந்த ஒப்பனை எல்லையையும் கடக்கக்கூடாது. பிளஷும் சருமமும் சந்திக்கும் இடத்தைச் சேர்த்து வளைத்தால், நீங்கள் தூரிகையால் இழைத்த மங்கலை அழித்து மென்பொருள் தன் மங்கலை வைத்துவிடும். இமைமயிரின் அருகே போனால் மஸ்காராவின் கருமை சருமத்தில் புகையாகப் பரவும். கன்னத்தின் நடுப்பகுதி, நெற்றி, தாடை ஆகிய மூன்று இடங்களோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

டாட்ஜ் அண்ட் பர்ன்

இருண்ட திட்டுகளைச் சற்று வெளிச்சமாக்கியும் வெளிச்சத் திட்டுகளைச் சற்று இருட்டாக்கியும் சமன்செய்யும் இந்த முறையையே மிச்ச வேலை எல்லாவற்றுக்கும் நம்புகிறேன். ஒளியைக் கூட்டும் ஒரு கர்வ்ஸ் லேயர், குறைக்கும் ஒரு கர்வ்ஸ் லேயர், இரண்டுக்கும் கருப்பு மாஸ்க். ஃபுளோ 2 விழுக்காட்டில் வெள்ளைத் தூரிகை. ஐஷேடோ சரியாகக் கலக்காத இடத்தைத் தேடுவதுபோலவே திட்டுகளைத் தேடி நிரவ வேண்டும் என்பதால், இதில் ஒப்பனைக்காரரின் கைக்கு இயல்பாகவே பழக்கம் உண்டு. மேலே ஒரு கருப்பு வெள்ளை லேயரை வைத்துக்கொண்டால் நிறம் கண்ணைக் குழப்பாது. ஒரே தொடுதலில் சருமத்தை வழுவழுப்பாக்கும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்; அவை ஷிம்மரின் மினுமினுப்பையும் பருவையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. கண்வெள்ளையைத் தூய வெண்மையாக்காதீர்கள். லிப்ஸ்டிக்கின் நிறத்தை மாற்றாதீர்கள். உங்களை அழைப்பவர் அதே நிறத்தை நேரில் எதிர்பார்ப்பார்.

பின்னர் சேர்த்தவை

இதைப் பின்பற்றிய சிலர் சொன்ன தடைகளையும் இங்கே சேர்க்கிறேன். கணினியில் செழுமையாகத் தெரிந்த உதட்டு நிறம் கைபேசியில் சோர்ந்து தெரிகிறது என்றார்கள். அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிறவெளியிலேயே படத்தை வெளியேற்றுவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். இணையத்துக்கான பிரதியை, பெரும்பாலான திரைகள் எதிர்பார்க்கும் நிறவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, நிறவெளிக் குறிப்பையும் கோப்போடு சேர்த்துச் சேமியுங்கள்.

ஸ்ட்ரோபுக்குப் பதிலாக எல்இடி வைத்திருப்பவர்களுக்குச் சருமம் பச்சையோடுவது தெரிந்தது. நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் சிஆர்ஐ மதிப்பு 95 அல்லது அதற்கு மேலுள்ள விளக்கைத் தேர்ந்தெடுங்கள். அறையின் பிற விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

ஃபோட்டோஷாப் இல்லாதவர்கள் கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். அதன் 2.10 பதிப்பிலிருந்து வேவ்லெட் டீகம்போஸ் என்ற வசதி படத்தைப் பல நுணுக்க அடுக்குகளாகத் தானே பிரித்துத் தருவதால், நான் இரண்டு மாலைகளைத் தொலைத்த அந்தப் பெட்டியைத் திறக்கும் தேவையே இல்லை. லாஸோ விதி மட்டும் அங்கும் அப்படியே பொருந்தும்.