நர்சிங் பழகுபவர்களுக்கு: பி.பி.யில் தொடங்குங்கள்

எந்தப் பிரிவுக்குப் போனாலும் கையால் பி.பி. பார்க்கத் தெரிய வேண்டும். மெஷின் காட்டும் எண் சந்தேகமாக இருந்தால் உங்கள் காதுதான் துணை.

நோயாளி 5 நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், பேச்சு வேண்டாம். கை இதய மட்டத்தில் தாங்கலோடு இருக்கட்டும், தொங்கினால் அளவு கூடும். கஃப்பை (காற்றடிக்கும் பட்டையை) முழங்கை மடிப்புக்கு 2–3 செ.மீ. மேலே சுற்றுங்கள். கைக்குச் சிறிய கஃப் பொய்யாக அதிகம் காட்டும். அடிக்கடி நடக்கும் தவறு இது. மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி காற்றடித்து, துடிப்பு எந்த அளவில் மறைகிறது என்று பாருங்கள். காற்றை முழுதும் விட்டு, சற்றுப் பொறுத்து, முழங்கை மடிப்பின் உட்பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வையுங்கள். மறைந்த அளவுக்கு மேல் 30 மி.மீ. (பாதரச அளவு) ஏற்றி, நொடிக்கு 2–3 மி.மீ. வீதம் இறக்குங்கள். முதல் ‘டப்’ மேல் அளவு. சத்தம் அடங்கும் இடம் கீழ் அளவு. அவசரமாக இறக்கினால் முதல் சத்தம் தப்பிவிடும். 126ஐ 130 என்று எழுதவே எழுதாதீர்கள்.

மூச்சை எண்ணும்போது மட்டும் நோயாளியிடம் சொல்ல வேண்டாம். தெரிந்தால் மூச்சின் போக்கு மாறிவிடும். நாடி பிடித்தபடியே முழு 60 நொடி எண்ணுங்கள்.

பிரிவைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். நுணுக்கமான கண்காணிப்பு பிடித்தால் ஐ.சி.யு., ஒரே நோயாளிகளோடு நீண்ட நாள் பழகப் பிடித்தால் டயாலிசிஸ், வீடு வீடாகப் போகப் பிடித்தால் சமுதாய நலச் செவிலியர் பணி. அதற்குமுன் பொது வார்டில் சில காலம் இருப்பது நல்லது. எல்லா வகை நோயாளியும் அங்கேதான் வருவார்கள்.