குமுளியில் சரி, மதுரையில் குற்றம்: லாட்டரி, ரம்மி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, கம்பம், லோயர்கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. கேரள எல்லையைத் தாண்டியதுமே லாட்டரிக் கடைகள். அங்கே 1967 முதல் அரசாங்கமே லாட்டரி நடத்துகிறது. இந்தப் பக்கம் 2003 ஜனவரியிலிருந்து லாட்டரி விற்கவே தடை. வெளிமாநிலச் சீட்டைத் தடுக்கும் உரிமையை 1998ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

இது தெரியாமல் பலர் செய்யும் தவறு, "அரசாங்கச் சீட்டுதானே" என்று ஒரு கட்டு வாங்கிவந்து தெரிந்தவர்களுக்கு விற்பது. அங்கே போய் உங்களுக்கென்று ஒரு சீட்டு வாங்குவது வேறு, இங்கே விற்பது வேறு. விற்றால் வழக்கு. வாட்ஸ்அப்பில் "கேரளா லாட்டரி ஆன்லைனில்" என்று வருகிறதே, அதை நம்பவே நம்பாதீர்கள். கேரள அரசு விற்பது காகிதச் சீட்டு மட்டும்தான்.

இதைவிடக் கொடுமை மூணு நம்பர். கேரளக் குலுக்கலில் விழும் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்து இங்கே திருட்டுத்தனமாகப் பந்தயம் நடத்துகிறார்கள். முடிவு கேரள அரசுடையது என்பதால் ஆட்டமும் சட்டப்படி நடப்பதாக நினைத்துவிடுகிறார்கள். என் சித்தப்பா அப்படித்தான் இரண்டு வருடம் தினமும் எழுதினார். சட்டைப்பையில் பால் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த துண்டு இருக்கும். அதில் பேனாவால் மூன்று எண்கள், அவ்வளவுதான். பெயர் இல்லை, தேதி இல்லை. ஒருநாள் எண் விழுந்தது. எழுதிக்கொடுத்தவர் போனை எடுக்கவேயில்லை. அந்தத் துண்டை வைத்துக்கொண்டு எந்த ஸ்டேஷனுக்குப் போவது? சித்தியின் கம்மல் அடகில் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சீட்டாட்டத்துக்கு வருவோம். ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. அதற்காக மங்காத்தாவும் மூணு சீட்டும் அதில் சேராது. ரம்மியே ஆனாலும், ஆட்டத்துக்கு ஆட்டம் இடத்துக்காரர் பங்கு எடுத்தால் அது சூதாட்ட விடுதி ஆகிவிடும். "ரம்மிதானே ஆடினோம்" என்ற பதில் அங்கே உதவாது.

ஆன்லைன்தான் பெரிய குழப்பம். கோவாவில் கேசினோவுக்கு லைசென்ஸ் இருப்பதைக் காட்டி, இந்த ஆப்பும் செல்லும் என்பார்கள். செல்லாது. நீங்கள் மதுரையில் உட்கார்ந்து ஆடினால் தமிழ்நாட்டுச் சட்டம்தான். 2022ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை பொருந்தாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதை மட்டும் படித்துவிட்டு இன்னும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்கிறது.

அப்புறம், ஆப்பில் பணத்தை ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு மறைப்பதும் தவறுதான். மோசடி என்று தெரிந்த உடனேயே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் சொன்னால்தான் கணக்கை முடக்க முடியும்.